இடைநிலை மாணவரின் ஆங்கில மொழித் திறனும் இலக்கியத் திறனும் – கணிப்பீடு பற்றிய ஒரு நோக்கு

மாத்தளை நகருக்கு வடக்கே, கண்டி – யாழ்ப்பாண நெடுஞ்சாலையின் அருகே, பெரும் பாறைகளின் நடுவே அமைந்துள்ள அலுவிகாரை இலங்கையின் எழுத்து வரலாற்றிலே தனிச் சிறப்புடைய ஓர் இடமாகும். அதுவரை வாய்மொழியாகப் பேணப்பட்டு வந்த பாளித் திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயனின் ஆட்சிக் காலத்தில், இங்குதான் ஏட்டில் எழுதப்பெற்றது என்பது பௌத்த மரபு. பஞ்சமும் படையெடுப்பும் நாட்டை அலைக்கழித்த அக்காலத்தில், நூல்களை நெஞ்சிற் கொண்டிருந்தோர் மடிந்துபோயின் அவர்களோடு நூல்களும் மறைந்துவிடும் என்னும் அச்சமே அம்முயற்சிக்கு ஏதுவாயிற்று என்பர். மக்களின் தளர்ச்சி கண்டு பிக்குகள் எழுத்தை நாடினர் என மகாவம்சமும் இதனைக் குறித்துச் செல்கின்றது.

எழுத்து வருவதற்கு முன்னர் நூலறிவு எவ்வாறு சோதிக்கப்பட்டது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. பாணகர் எனப்பட்ட ஓதுவோர் தத்தமக்குரிய நூற்பகுதியைக் கூடியிருந்து ஓதினர். ஒருவர் நாவில் நேரும் பிழையை மற்றவர் செவி கண்டுகொண்டது. சொல்லும் திறனையும் கேட்கும் திறனையும் ஒருங்கே சோதித்த முறை அது. ஏட்டில் எழுதிய பின்னரும் இம்மரபு அழிந்துவிடவில்லை. பௌத்த விகாரைகளில் இன்றும் பிரித் ஓதப்படுகின்றது. எழுத்து ஓசைக்குத் துணையாக வந்ததேயன்றி அதன் இடத்தைப் பறித்துக்கொள்ளவில்லை. தமிழ் மரபும் இதற்கு வேறுபட்டதன்று. பாடம் கேட்டல் என்பதே கற்றலுக்கு வழங்கிய பெயர். திருக்குறளிலே கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரம் தனியாக வைக்கப்பட்டிருத்தல் தற்செயலானதன்று.

அலுவிகாரையைச் சூழ்ந்த மாத்தளைப் பிரதேசத்திலே சிங்களக் கிராமங்களும், தமிழ்த் தொழிலாளர் வாழும் பெருந்தோட்டங்களும், முஸ்லிம் மக்களின் குடியிருப்புகளும் அருகருகே அமைந்துள்ளன. இப்பிரதேசத்துப் பாடசாலை ஒன்றில் பதினோராந் தரத்திற் பயிலும் தமிழ் மாணவன் அல்லது மாணவி ஆங்கிலத்தில் எத்துணைத் திறனுடையவர் என்பதை அரசு அறிந்துகொள்ளும் வழி க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையே. அப்பரீட்சை அவரைப் பேசச் சொல்வதில்லை. அவர் செவியைச் சோதிப்பதுமில்லை. வாய்மொழியாக வாழ்ந்த நூல் எழுத்தாகிய மண்ணிலே, வாய்மொழியாகக் கற்கவேண்டிய மொழியொன்று முற்றாக எழுத்துக்குள் அடைக்கப்பட்டுக் கிடக்கின்றது. இலக்கியத்தைப் பொறுத்தவரை நிலைமை இதனினும் கவலைக்குரியது. கணிப்பீடு எதனை அளக்கின்றதோ அதனையே பாடசாலை கற்பிக்கும், அளக்காததனைக் கைவிடும். ஆதலின் கணிப்பீட்டின் குறை கற்பித்தலின் குறையாக மாறுகின்றது. அக்குறையின் சுமை, பாடசாலைக்கு வெளியே ஆங்கிலம் கேளாத மாணவர்மீதே பெரிதும் விழுகின்றது.

இந்நிலை உருவான வரலாற்றைச் சுருக்கமாக நோக்குதல் பொருத்தமாகும். 1831-32 காலப்பகுதியில் வெளிவந்த கோல்புறூக் ஆணைக்குழுவின் அறிக்கைகள் ஆங்கிலக் கல்விக்கு முதன்மை அளித்தன. 1836இல் பின்னாளில் றோயல் கல்லூரியாகிய கொழும்பு அக்கடமி தோன்றியது. 1880ஆம் ஆண்டு தொடக்கம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் உள்ளூர்ப் பரீட்சைகள் இலங்கையில் நடைபெற்றன. வினாத்தாள் கடல் கடந்து வந்தது. விடைத்தாள் கடல் கடந்து சென்றது. ஆங்கிலேயப் பிள்ளைகளுக்கென வகுக்கப்பட்ட அளவுகோல் இலங்கைப் பிள்ளைகளுக்கும் அவ்வாறே பொருத்தப்பட்டது. மொழிக்கும் இலக்கியத்திற்கும் இடையே இன்றுள்ள பிரிவு அன்று வலுவாக இருக்கவில்லை. ஆங்கிலம் கற்றவன் ஆங்கில இலக்கியமும் கற்றவனாகவே கருதப்பட்டான். அவ்வாறு கற்றவர் தொகையோ மிகச் சிறியது.

அதே கேம்பிரிட்ஜ் 1913ஆம் ஆண்டிலே ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோருக்கெனத் தனித் தேர்வொன்றைத் தொடங்கியது. அதிலே மொழிபெயர்ப்பு, இலக்கணம், கட்டுரை, ஒலியியல், இலக்கியம் ஆகியவற்றோடு சொல்வதெழுதுதல், உரக்க வாசித்தல், உரையாடல் என்னும் வாய்மொழிப் பகுதிகளும் இடம்பெற்றன. தேர்வு ஏறத்தாழப் பன்னிரண்டு மணித்தியாலம் நீண்டது. முதலாண்டில் தோற்றியோர் மூவர்; ஒருவரேனும் சித்தியெய்தவில்லை. அதன் கடுமையை மெச்சவேண்டியதில்லை. ஆனால் ஒருவனது மொழியறிவைச் சான்றுப்படுத்த வேண்டுமாயின் அவனது குரலையும் கேட்டாக வேண்டும் என்னும் உணர்வு நூற்றாண்டிற்கு முன்னரே இருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. இன்று வெளிநாடு செல்ல விழையும் இளைஞர் பலரும் தோற்றும் ஐ.ஈ.எல்.ரீ.எஸ். தேர்வும் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்னும் நான்கனையும் தனித்தனியே அளக்கின்றது. கட்டணம் செலுத்த வல்லவனுக்கு நான்கு திறனும் சோதிக்கப்படுகின்றன. அரசாங்கப் பாடசாலை மாணவனுக்கு இரண்டே போதும் என்றாகின்றது.

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான விசேட குழு 1943இல் வெளியிட்ட அறிக்கையும், 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும் இலங்கைக் கல்வியின் திசையை மாற்றின. கற்பித்தல் படிப்படியாகத் தாய்மொழிக்கு மாறியது. 1960ஆம் ஆண்டளவில் பல்கலைக்கழகக் கலைப் பாடங்களையும் சிங்களத்திலும் தமிழிலும் கற்கும் நிலை ஏற்பட்டது. இம்மாற்றம் இல்லையேல் மாத்தளைத் தோட்டப்புறத்துப் பிள்ளைகள் பல்கலைக்கழக வாயிலைக் கண்டிருக்கமாட்டார்கள். எனினும் பயிற்றுமொழியாக இருந்த ஆங்கிலம் ஒரு பாடமாகச் சுருங்கியபோது, அப்பாடம் எதற்காக, எம்முறையிற் சோதிக்கப்படல் வேண்டும் என்னும் வினா போதிய அளவு ஆராயப்படவில்லை. 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தத்தின் பயனாகச் சாதாரண தரத்திற்குப் பதிலாகத் தேசியப் பொதுக்கல்விச் சான்றிதழ்ப் பரீட்சை 1975இல் முதன்முதலாக நடத்தப்பட்டது. ஆட்சி மாறியதும் அது கைவிடப்பட்டுப் பழைய பெயர் மீண்டது. பெயர்கள் மாறின, எழுத்துத் தாளே மொழியின் அளவுகோல் என்னும் நம்பிக்கை மாறவில்லை.

பேராதனைப் பல்கலைக்கழகச் சூழலிலே சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்தைக் 'கடுவ' என அழைத்தனர். வாள் என்பது அதன் பொருள். இச்சொல்லின் சமூகப் பின்னணியைத் திரு கந்தையா 1984இல் வெளிவந்த கட்டுரையொன்றில் விரிவாக ஆராய்ந்துள்ளார். தம்மை வெட்டி வீழ்த்தும் கருவியாகவே ஆங்கிலத்தைக் கிராமத்து மாணவர் கண்டனர் என்பதை இச்சொல் உணர்த்துகின்றது. தோட்டப்புறத் தமிழ் மாணவருக்கோ இவ்வாள் இருமடங்கு கூர்மையானது. தமிழ் மொழிமூலம் கற்ற அவர்கள் சிங்களம் பெருவழக்காயுள்ள சூழலிலே வாழ்கின்றனர். தொழில் வாய்ப்பை நாடி நகருக்குச் செல்கையில் ஆங்கிலம் ஒரு பொதுவழியாக அமையக்கூடும். நேர்முகப் பரீட்சையிலே அவர்களின் விடைத்தாளை எவரும் பார்ப்பதில்லை. வாய் திறந்து பேசும் முதல் வாக்கியமே அவர்களின் தகுதியைத் தீர்மானிக்கின்றது. பாடசாலை ஒருமுறையேனும் சோதித்திராத திறனே வாழ்க்கையின் முதற் சோதனையாக வருகின்றது.

வினாத்தாளை ஒரு நூலாகக் கொண்டு அதனைத் திறனாய்வு செய்தல் பயன் தரும். ஒவ்வொரு நூலும் தன் வாசகன் ஒருவனை முன்கூட்டியே கற்பனை செய்துகொள்வது போல, ஒவ்வொரு வினாத்தாளும் ஒரு மாணவனைக் கற்பனை செய்துகொள்கின்றது. சாதாரண தர ஆங்கில மொழிப் பரீட்சை இரண்டு எழுத்து வினாத்தாள்களைக் கொண்டு நடத்தப்பட்டு வந்துள்ளது. படத்தையும் சொல்லையும் இணைத்தல், தரப்பட்ட சொற்களைக் கொண்டு வெற்றிடம் நிரப்பல், சிறு பந்திகளை வாசித்து விடையளித்தல், வரைபடமொன்றை விளக்குதல், கடிதம் எழுதுதல், ஏறத்தாழ இருநூறு சொற்களில் ஆக்கம் ஒன்று எழுதுதல் என எளிதிலிருந்து அரிதை நோக்கி அவை செல்கின்றன. எளிய வினாக்களை முன்வைத்துப் பின்தங்கிய மாணவனுக்கும் கைகொடுக்கும் இவ்வமைப்பிலே நல்லெண்ணம் உண்டு. அதனை மறுத்தல் நியாயமன்று.

ஆயினும் இவ்வினாத்தாள் கற்பனை செய்யும் மாணவன் ஊமையும் செவிடனும் ஆவான். இதற்குத் தக்க சான்று ஆக்கப் பகுதியிலேயே உள்ளது. பாடசாலைக் கூட்டமொன்றில் நிகழ்த்துவதற்குரிய உரையொன்றை எழுதுமாறும், இருவருக்கிடையே நிகழும் உரையாடலை எழுதுமாறும் மாணவர் பணிக்கப்படுவதுண்டு. பேச்சின் தேவையை வினா தயாரித்தோர் உணர்ந்துள்ளனர் என்பதை இவ்வினாக்கள் காட்டுகின்றன. ஆனால் உரை நாவிலிருந்து எழாமல் பேனாவிலிருந்து எழுகின்றது. மறுமொழியை எதிர்நோக்கித் தயங்குதல், கேட்டது விளங்காதபோது மீண்டும் வினவுதல், சொல்ல வந்த சொல் கிட்டாதபோது வேறு சொல்லால் சமாளித்தல் ஆகிய உரையாடலின் உயிர்ப்பண்புகள் யாவும் இங்கு இல்லாதொழிகின்றன. இருவர் பேசுவதை ஒருவனே தனிமையிலிருந்து எழுதுவது நாடகாசிரியனின் வேலையாகும். அதனைக் கொண்டு பேச்சுத் திறனை அளத்தல், நீச்சல் பற்றிய கட்டுரையைப் படித்து ஒருவனை நீச்சல் வல்லவன் எனச் சான்றளிப்பதை ஒக்கும்.

புள்ளித்திட்டமும் இவ்வாறே கவனத்திற்குரியது. முப்பத்தைந்து புள்ளி பெற்றவர் சாதாரண சித்தியும், ஐம்பது பெற்றவர் திறமைச் சித்தியும், எழுபத்தைந்தும் அதற்கு மேலும் பெற்றவர் உயர் சித்தியும் எய்துகின்றனர். முப்பத்தைந்து புள்ளி எவ்வழியிலும் சேரலாம். இணைத்தலாலும் வெற்றிடம் நிரப்பலாலும் அப்புள்ளியின் பெரும்பகுதியைத் தேடிக்கொண்ட மாணவனும், பிழைகள் மலிந்ததாயினும் சொந்த வாக்கியங்களால் ஒரு பந்தியை எழுத முயன்ற மாணவனும் சான்றிதழில் ஒரே எழுத்தைப் பெறுகின்றனர். முன்னவன் மொழியைத் தொடாமலே கடந்துவிட்டான். பின்னவன் அதனைக் கையாளத் தொடங்கிவிட்டான். மதிப்பீட்டின் முதற்கடன் இவ்விருவரையும் வேறுபடுத்திக் காட்டுவதாகும். அதனைச் செய்யாத சான்றிதழ் தொழில் தருவோனுக்கும் பயன்படாது. அடுத்த வகுப்பு ஆசிரியருக்கும் பயன்படாது. தன் குறையை அறிந்து திருத்த விரும்பும் மாணவனுக்கோ சிறிதும் பயன்படாது.

இதன் விளைவை வகுப்பறையிலே காணலாம். பத்தாந் தரத்திலும் பதினோராந் தரத்திலும் கடந்தகால வினாத்தாள்களே பாடநூலின் இடத்தைப் பெற்றுவிடுகின்றன. மாதிரிக் கடிதங்கள் மனனஞ் செய்யப்படுகின்றன. தனியார் வகுப்புகள் இதே பயிற்சியை விலைக்கு அளிக்கின்றன. ஆங்கிலம் பேசும் பெற்றோரைக் கொண்ட நகரத்துப் பிள்ளைக்கு இப்பயிற்சியால் தீங்கில்லை. கேட்டலும் பேசலும் வீட்டில் நிகழ்ந்துவிடுகின்றன. பெருந்தோட்டப் பாடசாலைகளின் வரலாறோ வேறு. ஓராசிரியர் பாடசாலைகளாக நெடுங்காலம் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பிற் கிடந்த அவற்றை அரசு 1970களிலேயே கட்டங்கட்டமாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது. நாட்டின் ஏனைய பாடசாலைகள் பல பத்தாண்டுகளுக்கு முன் தொடங்கிய பயணத்தை அவை பிந்தித் தொடங்கின. அங்கு பயிலும் பிள்ளை ஆங்கில ஒலியைக் கேட்கும் இடம் வகுப்பறை ஒன்றே. அவ்வகுப்பறையையும் பரீட்சை மௌனமாக்கிவிடுமாயின் அப்பிள்ளைக்கு வேறு வழியில்லை.

வாய்மொழிச் சோதனைக்கு எதிராகக் கூறப்படும் காரணங்களுள் முதலாவது தொகை பற்றியது. ஆண்டுதோறும் மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்டோர் தோற்றும் பரீட்சையிலே ஒவ்வொருவரையும் பேசவைத்துக் கேட்டல் இயலுமா என வினவப்படுகின்றது. இவ்வினா நியாயமானதே. ஆயின் இதே சாதாரண தரத்திலே சங்கீதம், நடனம் ஆகிய பாடங்களுக்குச் செயன்முறைப் பரீட்சை நாடெங்கும் நடத்தப்பட்டு வருகின்றது. மாணவன் பாடக் கேட்டே பரீட்சகர் புள்ளி வழங்குகின்றார். இராகத்தை எழுத்தில் விளக்கிவிட்டால் போதும், பாட வேண்டியதில்லை என எவரும் வாதிடுவதில்லை. சங்கீதத்திற்கு உள்ள செவி ஆங்கிலத்திற்கு மட்டும் இல்லாதிருப்பதற்கு நிருவாகச் சிரமத்தை மாத்திரம் காரணமாகக் கூறவியலாது. தோற்றுவோர் தொகை மிகப் பெரிது என்பது உண்மையே. அவ்வாறாயின் ஐந்து நிமிட வாசிப்பும் உரையாடலும் போதும்; ஒலிப்பதிவுக் கருவி ஒன்றைக் கொண்டு கேட்டற் சோதனையை மண்டபம் முழுவதற்கும் ஒரே வேளையில் நடத்தலாம்.

இரண்டாவது காரணம் நம்பகம் பற்றியது. பேச்சிற்குப் புள்ளியிடுவோர் ஆளுக்கொரு விதமாக அளிப்பர் என்பர். எழுத்திற்கு இக்குறை இல்லையா என்பதே எதிர்வினா. 1935இல் ஹாட்டொக், றோட்ஸ் ஆகியோர் இங்கிலாந்திலே பரீட்சைகள் பற்றி வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் நினைவுகூரத்தக்கது. பதினைந்து வரலாற்று விடைத்தாள்களுக்கு முன்னர்ப் புள்ளியிட்ட பரீட்சகர் பதினால்வரிடம், ஓராண்டுக்கும் மேற்பட்ட இடைவெளியின் பின் அதே விடைத்தாள்கள் மீண்டும் கொடுக்கப்பட்டன. 210 தீர்ப்புகளுள் 92இல் அவர்கள் தம் முந்தைய முடிவிலிருந்து தாமே மாறுபட்டனர். எழுதப்பட்டமையால் மட்டும் ஒரு விடை உறுதியான அளவைப் பெற்றுவிடுவதில்லை. தெளிவான புள்ளித்திட்டமும் பரீட்சகர் பயிற்சியும் எழுத்திற்கு ஓரளவு நம்பகத்தைத் தந்துள்ளன எனின், அவை பேச்சிற்கும் தரும்.

மூன்றாவது ஐயம் உச்சரிப்பைப் பற்றியது. எவருடைய ஆங்கிலத்தை அளவாகக் கொள்வது? எச். ஏ. பாஸே 1940களிலேயே இலங்கையிற் பேசப்படும் ஆங்கிலத்தை ஆராயத் தொடங்கினார். அருச்சுன பராக்கிரம 1995இல் வெளியிட்ட நூலிலே தரமொழி என்னும் கருத்தையே வினாவுக்குட்படுத்தினார். கொழும்பு உயர்குடியின் உச்சரிப்பை அளவாகக் கொண்டு மாத்தளைத் தோட்டத்துப் பிள்ளையைப் பேசச் சொல்வது பழைய வாளைப் புதிய கையிற் கொடுப்பதாகும் என்னும் அச்சத்திற் பொருள் உண்டு. ஆனால் இதனால் பெறப்படுவது, பேச்சைச் சோதிக்கக் கூடாது என்பதன்று. எதனைச் சோதிப்பது என்பதை நேர்மையாக வரையறுத்தல் வேண்டும் என்பதே. சொன்னது கேட்போனுக்கு விளங்கிற்றா, கேட்டதற்குப் பொருத்தமான மறுமொழி வந்ததா என்பவையே அளவாதல் வேண்டும். தமிழ் ஒலிச்சாயல் குற்றமாகாது. பரீட்சை இதனை வெளிப்படையாக அங்கீகரிக்குமாயின், வாய் திறக்க நாணும் ஆயிரக்கணக்கான மாணவருக்கு அது ஒரு விடுதலையாக அமையும்.

இனி இலக்கியத் திறனை நோக்குவோமாயின் சிக்கல் வேறு வடிவிலே தோன்றுகின்றது. ஐ. ஏ. றிச்சார்ட்ஸ் கேம்பிரிட்ஜிலே தம் மாணவருக்குப் பதின்மூன்று கவிதைகளை ஆசிரியர் பெயரின்றிக் கொடுத்து, அவர்கள் எழுதிய கருத்துகளைத் தொகுத்து 1929இல் நூலாக வெளியிட்டார். நன்கு கற்ற அம்மாணவர் பலர் கவிதையின் நேர்ப்பொருளையே தவறவிட்டனர். சிலர் முன்கூட்டியே மனத்திலிருந்த உணர்ச்சிகளைக் கவிதைமீது ஏற்றினர். கவிஞனின் பெயர் என்னும் ஊன்றுகோல் நீங்கியதும் நடை தளர்ந்தது. இலக்கியக் கணிப்பீட்டிற்கு இதிலே அடிப்படைப் பாடமொன்று உள்ளது. மாணவன் பிறரின் முடிவுகளை ஒப்புவிக்கின்றானா, தானே வாசிக்கின்றானா என்பதை அறியவேண்டுமாயின் அவன் முன்னர்க் காணாத பகுதியொன்றை அவனிடம் கொடுத்தல் வேண்டும்.

இலங்கையிலே சாதாரண தரத்திற்குரிய ஆங்கில இலக்கிய நயம் விருப்பத்திற்குரிய பாடமாக உள்ளது. அண்மைக் காலப் பாடத்திட்டத்திலே கீற்ஸ், ரெனிசன் முதலியோரின் கவிதைகளோடு, யஸ்மின் குணரத்ன 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தைப் பொருளாகக் கொண்டு எழுதிய கவிதையும், ஆர். கே. நாராயணின் 'த வென்டர் ஒவ் சுவீற்ஸ்' நாவலும், செக்கோவின் 'த பெயர்' நாடகமும் இடம்பெற்றமை வரவேற்கத்தக்கது. தெரிவிலே பரந்த நோக்கு உள்ளது. ஆயினும் பரீட்சையிலே பெரிதும் வழங்குவது பழைய கேம்பிரிட்ஜ் மரபில் வந்த சந்தர்ப்ப வினாவாகும். தரப்பட்ட வரிகள் எந்நூலில் உள்ளன, அவற்றின் ஆசிரியர் யார், யார் யாருக்குக் கூறியது, எச்சந்தர்ப்பத்தில் கூறியது என்பன வினாக்கள். இவற்றிற்கு விடையளிக்க நூலை வாசித்திருத்தல் கட்டாயமன்று. குறிப்புப் புத்தகம் போதும். நெடிய விடைகளும் விற்பனைக்கு வரும் குறிப்புகளிலிருந்தே பெரும்பாலும் எழுகின்றன.

நாராயணின் நாவலையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மால்குடியிலே இனிப்புக் கடை நடத்தும் ஜகனுக்கும் அவன் மகன் மாலிக்கும் இடையே நேரடிப் பேச்சு அருகிவிடுகின்றது. ஊரார் யாவரும் உறவுமுறை கூறி அழைக்கும் ஒருவர் மூலமே தந்தை மகனின் எண்ணத்தை அறிகின்றான். இம்மனிதர் யார், இவரது பணி யாது என வினவினால் இரு வரியில் விடை எழுதிவிடலாம். ஒரே வீட்டில் வாழும் தந்தை மகனோடு பேச மூன்றாம் ஆள் ஏன் தேவைப்படுகின்றார் என வினவினால் நிலைமை மாறும். தமிழ்க் குடும்பத்திலே பிறந்த மாணவனுக்கு இந்நிலை புதிதன்று. தந்தையிடம் கேட்க அஞ்சியதைத் தாய் மூலமோ மாமன் மூலமோ கேட்ட அனுபவம் அவனுக்கு இருத்தல் கூடும். கொழும்பிலே அச்சிட்ட குறிப்பு கூறாததை அவன் கூறவல்லவன். ஆங்கில இலக்கியத்தை அணுகுவதற்கு அவனது தமிழ் வாழ்வு தடையன்று, துணையாகும். பரீட்சை அத்துணையை அழைப்பதில்லை.

அழைத்தாலும் மற்றொரு தடை உண்டு. நுட்பமான கருத்தைப் பிழையுள்ள ஆங்கிலத்தில் எழுதும் மாணவனும், வெறுமையான கருத்தைச் செப்பமான ஆங்கிலத்தில் எழுதும் மாணவனும் ஒருங்கே வரும்போது பரீட்சகர் எதற்குப் புள்ளியிடுகின்றார் என்பது கூர்ந்து நோக்கற்பாலது. மொழித் திறனும் இலக்கியத் திறனும் தொடர்புடையனவேயாயினும் ஒன்றல்ல. தமிழ் இலக்கிய நயம் என்னும் பாடத்திலே கம்பனையும் பாரதியையும் நன்கு சுவைத்து எழுதும் மாணவி, ஆங்கிலக் கவிதையின் முன் திடீரெனச் சுவையுணர்வு அற்றவளாகிவிடுவதில்லை. அவளது வாசிப்பு உள்ளது; அதனை வெளியிடும் மொழி போதவில்லை. இரண்டையும் ஒரே எண்ணாற் குறிக்கும்போது, மொழியில் உள்ள குறை அறிவில் உள்ள குறையாகத் தீர்ப்பிடப்படுகின்றது. இக்காரணத்தினாலேயே தமிழ்மூலப் பாடசாலைகள் பலவற்றில் இப்பாடம் எட்டாக்கனியாகக் கருதப்படுகின்றது. கற்பிக்க ஆசிரியர் இன்மையும் சேர்ந்துவிட, மாணவரின் விருப்பத்திற்கு இடமே இல்லாமற் போகின்றது.

மலையகத்திலே ஆங்கில ஆக்கத்திறன் தோன்றாது என்பார்க்குச் சி. வி. வேலுப்பிள்ளையின் எழுத்தே விடையாகும். 1914இல் மடக்கும்புரத் தோட்டத்திற் பிறந்த அவர், தேயிலைத் தோட்டத்து மக்களின் துயரை ஆங்கிலக் கவிதையாக்கினார். பின்னர் அது சக்தீ பால ஐயாவின் மொழிபெயர்ப்பில் 'தேயிலைத் தோட்டத்திலே' எனத் தமிழிலும் வழங்கலாயிற்று. தமிழ் நாட்டார் பாடலின் ஓசையைக் கேட்டு வளர்ந்த செவியே அவரது ஆங்கிலத்திற்கு வளமூட்டியது. இருமொழிகளும் ஒன்றையொன்று வளர்க்கும் என்பதற்கு அவர் வாழ்வு சான்று. வாய்ப்புக் கிட்டிய ஒருவரின் ஆற்றல் வெளிப்பட்டது. வாய்ப்புக் கிட்டாதோர் எத்தனை பேர் என்பதைப் பெறுபேற்றுப் பட்டியல் கூறமாட்டாது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா 1999இல் வெளியிட்ட ஆய்வுநூலும் இவ்விடத்துக் குறிப்பிடத்தக்கது. அமெரிக்காவிலே தயாரிக்கப்பட்ட பாடநூலின் ஓரங்களில் தமிழ் மாணவர் கிறுக்கிவைத்த குறிப்புகளையும் படங்களையும் அவர் ஆராய்ந்தார். வகுப்பிலே பணிந்து அமர்ந்திருந்த மாணவர் ஓரங்களிலே பாடநூலோடு வாதிட்டிருந்தனர். அதன் மாந்தரைத் தம் சூழலுக்கு மாற்றியிருந்தனர். அவை வாசிப்பின் அடையாளங்களே. ஆனால் புள்ளி பெறும் இடத்திலே அவை தோன்றுவதில்லை. மாணவன் உண்மையாக எதிர்வினை புரியும் இடம் ஒன்றாகவும், கணிப்பீடு நிகழும் இடம் வேறொன்றாகவும் இருப்பது இரண்டிற்கும் இழப்பாகும்.

இக்குறைகளை நீக்கவே பாடசாலை மட்டக் கணிப்பீடு அறிமுகப்படுத்தப்பட்டது எனலாம். ஆண்டு முழுவதும் மாணவனைக் காணும் ஆசிரியரே அவன் பேச்சையும் வாசிப்பையும் சிறப்பாக மதிப்பிடவல்லவர் என்னும் கொள்கை சரியானதே. எனினும் அதன் பெறுபேறு பரீட்சைப் புள்ளியோடு சேர்க்கப்படாமல் தனியே குறிக்கப்படுகின்றது. பயன் விளைக்காத புள்ளிக்கு மதிப்பில்லை என்பதை மாணவரும் பெற்றோரும் விரைவில் உணர்ந்துகொள்கின்றனர். பதிவேடுகளை நிரப்பும் கடமையாக அது தேய்ந்துபோகும் நிலை தோன்றுகின்றது. பரீட்சைப் புள்ளியோடு சேர்த்தால் ஆசிரியர் பாரபட்சம் காட்டுவர் என்னும் அச்சமும் வெறுமையானதன்று. அயற்பாடசாலை ஆசிரியரைக் கொண்டு வாய்மொழிச் சோதனையை நடத்துவதாலும், மாதிரி ஒலிப்பதிவுகளை மீள்பரிசீலனை செய்வதாலும் அவ்வச்சத்தைக் குறைக்கலாம்.

மேற்கூறியவற்றிலிருந்து செய்யத்தக்கன சில தெளிவாகின்றன. சாதாரண தர ஆங்கில மொழியிலே கேட்டலுக்கும் பேசலுக்கும் குறித்த பங்கு ஒதுக்கப்பட்டுப் பெறுபேற்றிலே சேர்க்கப்படல் வேண்டும். சான்றிதழில் ஒரே எழுத்திற்குப் பதிலாக நான்கு திறனும் தனித்தனியே காட்டப்படுதல் நன்று. ஆங்கில இலக்கிய நயத்திலே மாணவர் காணாத கவிதையொன்றோ உரைநடைப் பகுதியொன்றோ கட்டாயமாக இடம்பெறல் வேண்டும். கருத்திற்கும் மொழிக்கும் வெவ்வேறாகப் புள்ளி வகுக்கப்படல் வேண்டும். தமிழிலோ சிங்களத்திலோ மாணவன் அறிந்த படைப்பொன்றோடு ஒப்பிட்டு எழுத இடமளிக்கும் வினா ஒன்றேனும் சேர்க்கப்படுமாயின், தாய்மொழி இலக்கியப் பயிற்சியும் ஆங்கில இலக்கியப் பயிற்சியும் ஒன்றையொன்று தழுவிச் செல்லும்.

இவற்றிற்குப் பொருட்செலவு உண்டு. ஆசிரியர் பற்றாக்குறை என்னும் பெருந்தடையும் உண்டு. பரீட்சையை மாற்றியவுடன் தோட்டப் பாடசாலைக்கு ஆங்கில ஆசிரியர் வந்துவிடமாட்டார். புதிய வாய்மொழிச் சோதனை, போதிய ஆயத்தமின்றிப் புகுத்தப்படுமாயின், ஏற்கெனவே பின்தங்கியோரை மேலும் பின்தள்ளவும் கூடும். ஆதலின் ஆசிரியர் நியமனமும் பரீட்சைத் திருத்தமும் ஒருங்கே நிகழ்தல் இன்றியமையாதது. எனினும், சோதிக்கப்படாத திறனுக்கு ஆசிரியர் வேண்டும் எனக் கேட்கும் உரிமை பெற்றோருக்கு எழுவதில்லை என்பதும் உண்மை. பரீட்சையிலே ஒரு திறன் இடம்பெறும்போதுதான் அதனைக் கற்பிக்கவேண்டிய கடமையை அரசு எழுத்து மூலம் ஏற்றுக்கொள்கின்றது. அக்கடமையை வெளிப்படுத்துவதே கணிப்பீட்டின் சமூகப் பயன்களுள் தலையாயதாகும்.

அலுவிகாரையிலே எழுதியோர், நெஞ்சிலிருந்த நூல் அழிந்துவிடாதிருக்க எழுத்தின் துணையை நாடினர். இன்றைய பரீட்சை முறையிலே எழுத்து எஞ்சியுள்ளது. அதற்கு உயிராகிய ஒலி தேய்ந்து வருகின்றது. மாத்தளைப் பாடசாலையிலே பயிலும் தமிழ்ப் பிள்ளைக்கு ஆங்கிலம் அச்சுறுத்தும் வாளாகவே நீடிப்பதா, அன்றி வாசிக்கவும் பேசவும் உரிய மற்றொரு மொழியாவதா என்பது பாடநூலால் மட்டும் தீர்மானிக்கப்படுவதன்று. அப்பிள்ளையிடம் நாடு எதனைக் கேட்கின்றது, அவள் கூறும் மறுமொழியைச் செவிகொடுத்துக் கேட்க ஆயத்தமாக உள்ளதா என்பவையே அதனைத் தீர்மானிக்கும்.